வாக்குத்தத்த அட்டைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர்

ஜோவின் என் மகள் ஜெமியை ஆம்பூர் பஸ் நிலையத்தில் பட்டப்பகலில் ஹெல்மெட்டால் அடித்தான். வேலூரிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு அவள் இறங்கியதும் முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது தாடையில். விழுந்தவளின் வலது கையை பூட்ஸ் காலால் மிதித்து நின்றுகொண்டு, கூடிவிட்ட ஜனங்களிடம், "என் பொண்டாட்டி. நடுவுல யாரும் வராதீங்க" என்றான். யாரும் வரவில்லை. பொண்டாட்டி என்ற சொல் போதுமானதாக இருந்தது. பழக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

ஷூ கம்பெனி வேனிலிருந்து அப்போதுதான் இறங்கிய அப்துல் சமத் தன் டிபன் கேரியரைச் சுழற்றி ஜோவினின் காதோரம் ஒன்று வைத்திருக்காவிட்டால் ஜெமியின் விரல்கள் எல்லாமே போயிருக்கும். இரண்டு விரல்கள் முறிந்ததோடு கை தப்பியது. தாடையை மருத்துவமனையில் கம்பி போட்டுக் கட்டினார்கள்.

ஜோவின் எங்கள் மருமகன். ராணிப்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். நல்ல குடும்பம், ஒரே திருச்சபை, ஆயரே முன்னின்று பேசிமுடித்த திருமணம். ஜெமி செவிலியர் படிப்பு முடித்து வேலையில் இருந்தவள். திருமணமான ஆண்டே வேலையை விடச் சொன்னான். பிறகு வீட்டுக்கு வெளியே போவதை விடச் சொன்னான். 2006ஆம் ஆண்டு தவக்காலத்தில் அவள் முதுகில் பெல்ட்டின் பக்கிள் அச்சோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உள்ளே போகச் சொன்னேன்.

அடிபட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காவல் நிலையத்துக்குப் போகும் வழக்கமும் இல்லை. என் பாட்டனார் காலத்திலிருந்து இந்த வாசலைக் காக்கி உடுப்பு மிதித்தது கிடையாது. சபையில் முதல் வரிசை எங்களுடையது. பஸ் நிலையத்தில் நடந்ததற்குப் பிறகு சமத் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொன்னான். நான் மறுத்தேன். என் மகளை நானே காப்பாற்றுவேன் என்றேன்.

ஜெமிக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வடக்கே ஒரு மிஷன் மருத்துவமனைக்குச் செவிலியர் தேவைப்பட்டது. குவார்ட்டர்ஸ் உண்டு, வெளிக்கேட்டில் காவலுண்டு, ராணிப்பேட்டையிலிருந்து இரண்டு நாள் ரயில் பயணம். அன்று வேலூருக்குப் போனது அதன் நேர்முகத் தேர்வுக்குத்தான். அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைப்பாள். இங்கேயே இருந்தால் ஒருநாள் அவன் அடி தாடையோடு நிற்காது. எனக்கும் என் மனைவி பொன்மலருக்கும் அது தெரிந்திருந்தது.

சமத் எங்கள் எதிர்வீட்டுப் பையன். நான் டைம் ஆபீஸ் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற அதே கம்பெனியில் ஷூ டிசைன் பிரிவில் கம்ப்யூட்டரில் வேலை செய்பவன். மருத்துவமனை வராந்தாவில் அவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான். எந்த பஸ்ஸில் வருவாள் என்று ஜோவினுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாதே. ஜெமியால் பேச முடியவில்லை. இடது கையால் என் உள்ளங்கையில் எழுதினாள். தோழி ஒருத்திக்கு முந்தின நாள் மெயில் போட்டிருக்கிறாள், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து.

அந்தக் கம்ப்யூட்டர் ஜோவின் கொடுத்தது. தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து கூடத்தில் இறக்கினான். மருமகன் கையிலிருந்து பொருள் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஜெமி எழுதுவதை அதில் படிக்கலாம் என்று பொன்மலர் ஆசைப்பட்டாள். வைத்துக்கொண்டோம். விண்டோஸ் போட்டுத் தந்து, இதை அழுத்துங்கள் அதை அழுத்துங்கள் என்று எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்.

சமத் அதன் முன் உட்கார்ந்து வெகுநேரம் எதையோ தேடினான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குப் போவுது சார். ஒரு புரோகிராம் உள்ள ஒளிச்சு வச்சிருக்கான். பொட்டி குடுத்த அன்னைக்கே வச்சிருக்கான்."

நான் அதில் தட்டியவை எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆயருக்கு எழுதிய அந்தரங்கமான கடிதம். ஜெமியின் முதுகைப் பற்றி டாக்டருக்கு எழுதியது. பொன்மலர் தன் தங்கைக்கு அழுதுகொண்டே எழுதியது. மூன்று ஆண்டுகளாக ஒருவன் எங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். நான் சமையலறைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மானிட்டரின் மேல் ஓங்கினேன். சமத் என் மணிக்கட்டைப் பிடித்தான். என் கையைப் பிடித்த முதல் வெளியாள் அவன்தான்.

"பொட்டி மேல தப்பில்ல சார். விண்டோஸ் மேலயும் தப்பில்ல. உள்ள பூந்தவன் மேலதான் தப்பு. அவனை வெளிய தள்ளிட்டு நாம பொட்டியை வச்சுக்கலாம்."

திரும்பவும் விண்டோஸே போட்டால் என்ன என்று பொன்மலர் கேட்டாள். அதன் சிடியும் ஜோவின் காப்பி எடுத்துக் கொடுத்ததுதான், அதற்குள் இன்னும் என்னென்ன வைத்திருக்கிறானோ என்றான் சமத். அவன் தன் வீட்டில் விண்டோஸுக்குப் பதிலாக, பென்குயின் சின்னம் போட்ட லினக்ஸ் வைத்திருந்தான். யாரும் யாருக்கும் கொடுக்கலாம், திருட்டுக் காப்பி என்ற பேச்சே அதில் இல்லை என்று சொன்னான். ஜோவினின் புரோகிராம் அதில் ஓடவே ஓடாது. அந்த வார்த்தை எனக்குப் போதும். போடச் சொன்னேன்.

மறுநாள் காலை, சிடிகளோடு வந்தான். ஜெமி தாடைக் கட்டோடு அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். திரையில் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. ஓர் இடத்தில் சமத் கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தான். முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போடலாமா, ஏதாவது காப்பாற்றி வைக்க வேண்டுமா என்று கேட்டான். பொன்மலர் தயங்கினாள். திருமணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. எங்கள் ஒரே மகளின் திருமணம். படங்களை மட்டும் எடுத்து வைக்கலாமே என்றாள்.

ஜெமி கம்பிக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். அடிபட்ட பிறகு நாங்கள் கேட்ட முதல் சொல் அதுதான்.

"அழிங்க."

சமத் கையைக் கொண்டுபோவதற்குள் அவளே இடது கை விரலால் அந்தப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை. எறும்பை நசுக்குவதுபோல் அதன் மேலேயே வைத்திருந்தாள். திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டுகொண்டு போனது. அந்தக் கோட்டுக்கு அடியில் அவன் மாலையும் கோட்டும் போட்டுச் சிரித்த படங்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை.

லினக்ஸ் ஏறியதும் சமத் பயன்படுத்துபவர்களின் பெயர்களைக் கேட்டான். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு வைக்கலாம் என்றான். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் அறைகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. குடும்பத்துக்குள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பூட்டிக்கொள்வதை என் தகப்பனார் அனுமதித்ததில்லை. நானும் அனுமதித்ததில்லை. வீட்டுக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு என்றேன். பாஸ்வேர்டையும் நானே சொன்னேன். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கிறது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சமத் பாராட்டினான். அவனுக்கு அது புரியாத எழுத்துக் கோவை. அந்தப் புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்குச் சீட்டெடுத்ததில் விழுந்த பைபிள் வாக்குத்தத்த வசனத்தின் பெயரும் எண்ணும் அது. ஆண்டு முழுவதும் அந்த வசனம் குடும்பத்தைக் காக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. வசனம் அச்சிட்ட அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தோம். அதற்கு நேர் கீழே கம்ப்யூட்டர் இருந்தது.

மெஷின் பழையது என்பதால், திறந்ததும் வெறும் கறுப்புத் திரை வரும்படி சமத் வைத்தான். அதில் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்ட வேண்டும். உடனே ஒரு வரி தோன்றும். கடைசியாக உள்ளே நுழைந்தது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அது சொல்லும். அதன் பிறகு இன்னொரு சொல் தட்டினால்தான் படமும் மெயிலும் வரும். பொன்மலருக்கு இதெல்லாம் தொல்லை. அவளுடைய சீட்டு விளையாட்டைக் காணவில்லை, தமிழ் எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிக் கிடந்தன. சமத் வந்து வந்து சரிசெய்தான். எனக்கோ அந்தக் கறுப்புத் திரை பிடித்துவிட்டது. கம்பெனி கேட்டில் யார் எப்போது உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று பார்ப்பதுதான் என் வாழ்நாள் வேலை. தினமும் அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்த பிறகே மேலே போவேன்.

தகவல் வருவது நின்றதும் ஜோவினுக்கு வெறி பிடித்தது. ஒரு சனிக்கிழமை காலையில் தன் அண்ணன் ஷாஜினுடன் பைக்கில் வந்தான். நான் கடைத்தெருவில் இருந்தேன். கம்பத்திலிருந்து எங்கள் டெலிபோன் வயரை இழுத்து அறுத்தான். குரைத்துக்கொண்டு ஓடிய எங்கள் நாயை இரும்புக் கம்பியால் நடுமுதுகில் அடித்தான். பொன்மலர் ஜெமியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, கதவுக்கு முதுகு கொடுத்து நின்றிருக்கிறாள். கம்பி கதவில் விழுந்த ஒவ்வொரு அடியும் அவள் முதுகெலும்பில் கேட்டதாம். நான் திரும்பி வந்தபோது நாய் பின்காலை இழுத்துக்கொண்டு தொட்டியடியில் கிடந்தது. அன்றே செத்தது. டெலிபோன் வயரை மாலையில் லைன்மேன் வந்து சேர்த்துக் கொடுத்தார். கதவில் இருந்த பள்ளங்களை நான் அடைக்கவில்லை. இன்றும் இருக்கின்றன.

ஆயர் சமாதானம் பேச விரும்பினார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜோவினையும் ஷாஜினையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வந்த ஆயரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஜெமியை முன்கூட்டியே சமத்தின் தாயார் ஜஹீருன்னிசாவிடம் அனுப்பிவிட்டேன். ஜோவின் கூடத்தில் உட்கார்ந்தான். நாயைக் கொன்ற கை அது என்ற அடையாளம் அந்தக் கையில் இல்லை. வெள்ளைச் சட்டையில் சுத்தமாக இருந்தான்.

கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்னா மாமா, பென்குயின் வளர்க்கிறீங்களாமே. நான் குடுத்தது புடிக்கலையா?" என்றான். பிறகு தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தான். "இந்த வருஷம் வாக்குத்தத்தம் நல்லா விழுந்திருக்கு."

நான் ஆயருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஆயர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். ஜோவின் தலையைக் குனிந்துகொண்டான், ஷாஜின் உண்மையாகவே கண்கலங்கினான். ஜெமி திரும்பி வரட்டும், தம்பியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். முடியாது என்றேன். ஒரே சொல்லில் சொன்னேன். பிறகு எல்லோரையும் சாப்பிட அழைத்தேன். பகைவனானாலும் சாப்பாட்டு நேரத்தில் வந்தவனுக்கு இலை போடாமல் விடுவது எங்கள் வீட்டுக்கு இழுக்கு. ஜோவின் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெண்ணைக் கொடுக்காத வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். மாப்பிள்ளை முறுக்கு என்று ஆயர் சமாளித்தார். நாங்கள் பின்கட்டில் ஜெபம் செய்து சாப்பிட்டு வந்தோம். அவன் நாற்காலியில் அதே இடத்தில் கால்மேல் கால் போட்டு இருந்தான்.

அன்று மாலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினேன். கறுப்புத் திரையில் அந்த வரி வந்தது. கடைசியாக உள்ளே நுழைந்தது அன்று பகல், நாங்கள் பின்கட்டில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த நேரம்.

அட்டையைப் பார்த்தேன். சட்டத்துக்குள் பெரிய எழுத்தில் வசனம், அதன் அடியில் பெயர், எண். அவனும் எங்கள் சபைப் பிள்ளை. புத்தாண்டில் அவன் வீட்டுக்கும் ஓர் அட்டை விழுந்திருக்கும். அவன் இரண்டாவது முறை யோசித்திருக்கவே மாட்டான்.

மெயிலில் எல்லாம் இருந்தது. மருத்துவமனையின் வேலை உத்தரவு. வியாழக்கிழமை காட்பாடியிலிருந்து வடக்கே போகும் ரயிலுக்கு ஜெமியின் பெயரில் எடுத்த டிக்கெட். கோச், படுக்கை எண் வரைக்கும்.

சமத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம், பாஸ்வேர்டை மாற்றலாம் என்று அவன் கீபோர்டை இழுத்தான். வேண்டாம் என்றேன். எதையும் தொடக்கூடாது. ரத்து செய்தால் அதைச் சொல்லும் மெயிலும் வரும். அவன் மறுபடி உள்ளே வர வழி கிடைத்தால் அதையும் பார்ப்பான். ஜெமி காட்பாடியில்தான் ஏறுவாள் என்று அவன் நம்பியிருக்கட்டும். அந்த நேரத்தில் அவன் காட்பாடியில் நிற்பான். அவன் அங்கே நிற்கும்வரை வேறு எந்த ரோட்டிலும் இருக்க மாட்டான்.

சமத்துக்குப் புரிந்தது. அவனுடைய சின்னம்மா பெங்களூரில் இருக்கிறார். அங்கிருந்தும் வடக்கே ரயில் உண்டு. கம்பெனி வேன் டிரைவர் நம்பிக்கையான ஆள். ஜெமி, பொன்மலர், ஜஹீருன்னிசா மூவரையும் சமத் கூட்டிப்போவது என்று முடிவானது. நான் காட்பாடிக்குப் போவேன் என்றேன்.

"அப்பா, நீங்க போவாதீங்க. அவன் சும்மா வர மாட்டான்" என்றாள் ஜெமி.

"நானும் சும்மா போவல."

ரயிலடியில் யாரும் இல்லையென்றால் அவனுக்கு அடுத்த கணமே சந்தேகம் வந்துவிடும். பைக்கை எடுத்தால் பெங்களூர் ரோட்டில் வேனைப் பிடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆகாது. யாராவது ஒருவர் அங்கே இருந்து அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமான இன்னொரு காரணமும் இருந்தது. திருட்டுத்தனமாக என் வீட்டுக்குள் நுழைந்தவனை நான் நேருக்கு நேர் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை கஞ்சி போட்ட சட்டையும் வேட்டியும் உடுத்திக்கொண்டேன். ஜெமியின் கல்யாணச் சிவப்பு சூட்கேஸில் பழைய செய்தித்தாள்களைத் திணித்து எடுத்துக்கொண்டேன். அந்த சூட்கேஸை அவன் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பான். காட்பாடியில் நடைமேடைப் பாலத்தின் அடியிலுள்ள பெஞ்சில் சூட்கேஸைப் பக்கத்தில் வைத்து, கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்தேன்.

ஜோவின் பின்பக்கமாக வந்தான். கையில் ஹெல்மெட், தோளில் துணிப்பை. கொஞ்சம் தள்ளி ஷாஜின்.

ஜெமி எங்கே என்று கேட்டான். நான் பொய் சொல்லும் பழக்கம் உள்ளவன் அல்ல. உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாங்க ஜெபத்துல இருக்கும்போது என் வீட்டு மெஷின்ல உக்காந்தது நீதானே?" என்றேன்.

அவன் சிரித்தான். "வாக்குத்தத்தத்தை சுவத்துல மாட்டி வச்சு, அதையே பாஸ்வேர்டாவும் வச்சா, சபையில பாதிப் பேரு உள்ள வந்துடுவாங்க மாமா. லினக்ஸ் போட்டா மட்டும் புத்தி வந்துடுமா?"

அவன் குனிந்து சிரித்தபோது துணிப்பையிலிருந்து ஒரு வாடை வந்தது. மூக்கைக் குத்தும் புளிப்பு. கம்பெனியில் என் மேஜைக்கு அடுத்த கொட்டகையில்தான் தோலைப் பதப்படுத்தும் டிரம்கள் ஓடும். அதில் ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் வாடை தூக்கத்திலும் எனக்குத் தெரியும். அதில் கை விட்ட தொழிலாளிகளை நான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அவன் என் மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வரவில்லை. அவள் முகத்தை எடுத்துவிட்டுப் போக வந்திருந்தான்.

ரயில் வந்தது. ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். ஜோவின் கோச் எண்ணைப் பார்த்து நடந்தான், ஒரு கையைப் பைக்குள் விட்டபடி. நான் எழுந்து கைத்தடியின் வளைவை அவன் முழங்கையில் மாட்டி இழுத்தேன். திரும்பியவன் ஹெல்மெட்டால் என் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. வாய் நிறைய ரத்தம். நான் தடியை விட்டுவிட்டு அவன் பைக்குள் இருந்த மணிக்கட்டை இடது கையால் பிடித்தேன். அடுத்த அடி காதில். அதற்கடுத்தது நெற்றியில். கண்ணில் ரத்தம் வழிந்து அவன் முகம் தெரியவில்லை. அவன் மணிக்கட்டு மட்டும் என் கையில் இருந்தது. அவன் முழங்காலால் வயிற்றில் உதைத்தபோது இருவரும் சேர்ந்து விழுந்தோம். பைக்குள் பாட்டில் உடைந்தது.

முதலில் சில்லென்றிருந்தது. பிறகு உள்ளங்கையின் தோலை யாரோ உரிப்பதுபோல் இருந்தது. ஜோவின் கத்தினான். அவன் தொடையிலும் கொட்டியிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. ரயில் நின்றுகொண்டிருந்தது. அது கிளம்பும்வரை அவன் எழுந்திருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். அவன் தலையால் என் உடைந்த மூக்கில் முட்டினான். என் பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. துப்பிவிட்டு அவன் சட்டைக் காலரையும் பிடித்தேன்.

ஷாஜின் என்னை இழுக்க ஓடிவந்தவன் வாடையில் நின்றுவிட்டான்.

"டேய், இது இன்னாடா? பேசிக் கூட்டினு வரலாம்னுதானேடா சொன்ன?"

ஜோவின் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ஷாஜின் அவனை அறைந்தான். பிறகு என்னைக் கக்கத்தில் தூக்கி இழுத்துப்போய்க் குடிநீர்க் குழாய்க்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுந்து ஓடப்பார்த்த ஜோவினைச் சுமை தூக்குபவர்கள் இருவர் மடக்கிக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். தண்ணீருக்கு அடியில் என் உள்ளங்கை வெள்ளையாக வெந்துபோயிருந்தது. ரயில் நகர்ந்து போனது. ஜெமியின் படுக்கை காலியாகவே போயிருக்கும்.

ரயில்வே போலீஸ் நிலையம் அதே நடைமேடையின் கோடியில் இருந்தது. அதன் படியருகே ஒரு நிமிடம் நின்றேன். என் பாட்டனாரையும் தகப்பனாரையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் காத்தது ஒரு வாசற்படியை. அந்தப் படிக்கு உள்ளே இருந்த பிள்ளையைக் காக்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை. படி ஏறினேன்.

எஸ்.ஐ. என் சட்டையைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். மாமன் மருமகன் என்று தெரிந்ததும் பேனாவை மூடினார். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றார்.

"குடும்ப விஷயம் இல்லைங்க. என் மகளை அடிச்சான். என் வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா பூந்தான். அவ மேல ஊத்த ஆசிட் கொண்டாந்தான். மூணையும் எழுதுங்க. என் பேரு ஆபேல். எங்கப்பா பேரையும் சேத்து எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே என் சட்டைப் பையில் இருந்த செல்போன் அடித்தது. ஷாஜின் எடுத்து என் காதில் வைத்தான். சமத்தான். கிருஷ்ணகிரி தாண்டிவிட்டார்கள், ஜெமி தூங்குகிறாள் என்றான். அங்கே எப்படி என்று கேட்டான். நன்றாக இருக்கிறேன் என்றேன். அது மட்டும் பொய்தான்.

பின்பு காக்கி உடுப்பு எங்கள் வாசலை மிதித்தது. பஸ் நிலையத்தில் நடந்ததையும் அடிபட்ட கதவையும் விசாரிக்க வந்தார்கள். பொன்மலர் கூடத்தில் நாற்காலி போட்டு அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள். கம்ப்யூட்டரையும் பார்க்க வேண்டும் என்றார்கள். கறுப்புத் திரையைக் கண்டு விழித்த கான்ஸ்டபிளை நகரச் சொல்லிவிட்டு, நானே ஒரு கையால் திறந்து காட்டினேன். ஷாஜின் சாட்சி சொல்லச் சம்மதித்தான். ஜாமீனில் வெளியே வந்த ஜோவின் தொடையில் கட்டோடு நொண்டினான். ராணிப்பேட்டையை விட்டு நகரக்கூடாது என்று கோர்ட்டில் நிபந்தனை.

சபையில் பேச்சு எழுந்தது. ஆபேல் வீடு கோர்ட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆயர் வழக்கைத் திரும்பப் பெறலாமே என்று ஒருமுறை கேட்டார். மறுமுறை கேட்காதபடி பதில் சொன்னேன். ஞாயிறுதோறும் கோணிய மூக்கோடும் முழுதாய் விரியாத இடது கையோடும் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின் வரிசையிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.

ஜெமியிடமிருந்து மெயில் வந்துகொண்டிருந்தது. தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் வார்டில் போட்டிருக்கிறார்கள். குளிர் ஜாஸ்தி. கை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒற்றை விரலால் தட்டிப் பதில் எழுதுவேன்.

புத்தாண்டு ஆராதனையில் எங்களுக்குப் புதிய அட்டை விழுந்தது. பொன்மலர் அதற்குச் சட்டம் போட்டு எடுத்து வந்து, எங்கே மாட்டுவது என்று என் முகத்தைப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்கு மேலே இருந்த பழைய ஆணியையே காட்டினேன். பக்கத்தில் நின்ற சமத் எதையோ கேட்க வாயெடுத்தான்.

"அது சுவத்துக்கு" என்றேன்.

அவர்கள் இருவரும் திரும்பிக்கொண்ட பிறகு பாஸ்வேர்டைத் தட்டினேன். இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கறுப்புத் திரையில் வழக்கமான வரி வந்தது. நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கடைசியாக உள்ளே நுழைந்தது நேற்று மாலை. நான்தான்.